யார் கையில் இருந்தால் பத்திரம்?

தம்பி தங்கைகளே, முதலில் ஒரு கேள்வி. ஊரில் உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் வந்து கேட்கிறார்கள். ஒருவர் பழம்பொருள் சேர்ப்பவர். வீடு முழுக்கச் சுவடியும் நாணயமுமாக வைத்திருப்பவர். இன்னொருவர் அரசு அருங்காட்சியகத்திலிருந்து வந்திருக்கிறார். யாரிடம் கொடுப்பீர்கள்?

புஜைராவில் வாரம் ஒருமுறை என்னிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டேன். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் அருங்காட்சியகம் என்றார்கள். அங்கே ஏ.சி. இருக்கிறது, கேமரா இருக்கிறது, காவலாளி இருக்கிறார் என்பது அவர்கள் கட்சி. ஒரு பையன் மட்டும் "பணக்காரர்தான் அண்ணா, அவர் காசு போட்டு வாங்கினது, சும்மா விடமாட்டார்" என்றான். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசியில் வாயைத் திறந்தாள்: "அரசாங்கமே இல்லாம போயிட்டா?"

அவள் கேட்டது வெறும் கற்பனை இல்லை. நாம் வாழும் இதே வளைகுடாவில், உங்கள் அப்பா அம்மாக்களின் இளமைக் காலத்தில், ஒரு நாட்டின் அரசாங்கம் ஒரே நாளில் இல்லாமல் போனது. அந்த நாட்டுத் தலைநகரில் அப்போது ஓர் அரசு அருங்காட்சியகமும் ஒரு தனியார் அருங்காட்சியகமும் இருந்தன. இரண்டுக்கும் என்ன ஆனது என்று பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

குவைத், 1990

முதலில் அரசு அருங்காட்சியகத்தின் கதை. 1975இல் குவைத் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் நாசர் சபா அல் அஹ்மத், லண்டன் கலைக்கடை ஒன்றில் ஒரு கண்ணாடிக் குப்பியை வாங்கினார். 14ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டு, எனாமல் வேலைப்பாடு பூசப்பட்ட குப்பி அது. அந்த ஒரு குப்பியில் தொடங்கிய ஆசை சில ஆண்டுகளில் பல ஆயிரம் பொருட்களாக வளர்ந்தது. ஸ்பெயின் முதல் இந்தியா வரை இஸ்லாமிய உலகின் மட்பாண்டங்கள், கையெழுத்துப் பிரதிகள், கம்பளங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. முகலாயர் கால இந்திய நகைகளில் உலகின் மிகச் சிறந்த தொகுப்புகளில் ஒன்றும் அவரிடம் சேர்ந்தது.

இவ்வளவையும் வீட்டில் பூட்டி வைக்க அவருக்கும் அவர் மனைவி ஷேக்கா ஹுஸ்ஸாவுக்கும் மனமில்லை. பொருட்களின் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, பார்வைக்கு அவற்றை நாட்டுக்குக் கொடுத்தார்கள். 1983 பிப்ரவரியில், குவைத் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் 'தார் அல் அதார் அல் இஸ்லாமியா' என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. தனியார் சேகரிப்பு, அரசுக் கட்டிடம், அரசுக் காவல். இதைவிடப் பத்திரமான ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் அன்றைக்கு யாரும் நினைத்திருப்பார்கள்.

அதே நகரத்தில் ஜாப்ரியா என்ற குடியிருப்புப் பகுதியில் இன்னொரு சேகரிப்பு இருந்தது. அதன் சொந்தக்காரர் தாரிக் ரஜப். கலையும் தொல்லியலும் படிக்க அரசாங்கச் செலவில் வெளிநாடு போன முதல் குவைத்தி அவர். நாட்டின் தொல்பொருள், அருங்காட்சியகத் துறைக்கு முதல் இயக்குநராகவும் இருந்தார். 1969இல் அந்தப் பதவியை விட்டு வெளியே வந்தார். பிறகு அவரும் அவருடைய ஆங்கிலேய மனைவி ஜெஹானும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த உடைகள், நாடோடி மக்களின் வெள்ளி நகைகள், எழுத்தணிப் பிரதிகள், இசைக்கருவிகள் ஆகியவற்றை ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்து, 1980இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஓர் அருங்காட்சியகம் இருப்பதே தெரியாது.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது.

தேசிய அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. ஊரறிந்த கட்டிடம். பொருட்களைப் பெட்டிகளில் கட்டி லாரிகளில் ஏற்றி பாக்தாத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கட்டிடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. மொராக்கோவின் ஃபெஸ் நகரிலிருந்து வந்த 14ஆம் நூற்றாண்டு மரக்கதவுகள் தூக்கிப்போக முடியாத அளவு பெரியவை. அவை அந்தத் தீயில் போயின.

ஜாப்ரியாவில் நடந்ததோ வேறு. தாரிக் ரஜப் குடும்பத்தார் கீழ்த்தளத்துக்கு இறங்கும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இறங்கும் படிகளில் குப்பையைக் கொட்டி வைத்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது ஒரு மொட்டைச் சுவர், அவ்வளவுதான். ஏழு மாத ஆக்கிரமிப்பு முழுக்க அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த சேகரிப்பு தப்பித்தது. அந்த நாட்களைப் பற்றி ஜெஹான் ரஜப் பின்னர் ஒரு புத்தகமே எழுதினார்.

இத்துடன் நிறுத்தினால் "பார்த்தீர்களா, தனியார்தான் ஜெயித்தார்" என்று அந்தப் பையன் சொல்லிவிடுவான். ஆனால் கதை இன்னும் இருக்கிறது.

போர் முடிந்ததும், எடுத்துப்போன சொத்துகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஈராக்குக்கு உத்தரவிட்டது. 1991இன் பிற்பகுதியில் பாக்தாத்தில் ஐ.நா. அதிகாரிகள் முன்னிலையில் அருங்காட்சியகப் பொருட்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒப்படைக்கப்பட்டன. சில உடைந்து வந்தன, சில வரவே இல்லை. ஆனாலும் பெரும்பகுதி திரும்பி வந்தது. சரிபார்க்கப் பட்டியல் இருந்ததால்தான் இது நடந்தது. என்னென்ன இருந்தன, எப்படி இருந்தன என்று காட்ட ஆவணம் இருந்தது.

இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. அந்தச் சேகரிப்பின் நூற்றுக்கும் மேற்பட்ட முக்கியமான பொருட்கள், படையெடுப்பின்போது ஊரிலேயே இல்லை. அப்போது லெனின்கிராட் என்று அழைக்கப்பட்ட நகரில், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் கண்காட்சிக்காகப் போயிருந்தன. வீட்டுக்கு வர முடியாத அந்தப் பொருட்கள் அங்கிருந்து வேறு நாடுகளுக்குக் கண்காட்சிப் பயணம் போய்க்கொண்டே இருந்தன.

இப்போது தாரிக் ரஜப் பக்கத்தை யோசியுங்கள். அந்தச் சுவரை யாராவது ஒரு சிப்பாய் இடித்திருந்தால்? அவர் சேகரிப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. அதைக் காப்பாற்றியது துணிச்சலும் சமயோசிதமும் தான். இரண்டுமே பெரிய விஷயங்கள். ஆனால் அவற்றை நம்பி ஆயிரம் வருடப் பொருளை விட்டுவைக்க முடியாது.

பாக்தாத் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை உள்ளே வந்து, காவல் இல்லாமல் போன நாட்களில், ஈராக்கின் தேசிய அருங்காட்சியகமே சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருட்கள் போயின. குவைத்தின் பொருட்களுக்கு நடந்தது, பன்னிரண்டு ஆண்டுகளில் ஈராக்கின் பொருட்களுக்கும் நடந்தது.

யாரும் சேர்க்காததைச் சேர்த்தவர்

குவைத்திலிருந்து நம் ஊருக்கு வருவோம். சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது கோட்டையூர். உங்களில் சிலருக்குச் சொந்த ஊரே அந்தப் பக்கமாக இருக்கலாம். அந்த ஊர்க்காரர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். அவருடைய கடை 'ரோஜா ஆர்ட்ஸ்'. அதுவே பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெரிய படிப்போ அரச குடும்பத்துச் செல்வமோ கிடையாது. பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித்தேடி வாங்கினார். 1992இல் அவர் மறைந்தபோது, புத்தகங்களும் மற்றவையுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அவர் வீட்டில் இருந்தன.

அந்த 'மற்றவை'தான் முக்கியம். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், பத்திரிகை நறுக்கு. அந்தக் காலத்தில் எந்த நூலகரும் அலமாரியில் இடம் தந்திருக்கமாட்டாத பொருட்கள். பெரிய நூலகங்கள் காப்பியமும் இலக்கணமும் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் காலணா நோட்டீசை யார் மதிப்பார்கள்? ஆனால் இன்று, நூறு வருடங்களுக்கு முன்னால் தமிழர்கள் சாயங்காலம் எங்கே போனார்கள், எதைப் பார்த்தார்கள், டிக்கெட் என்ன விலை என்று தெரிய வேண்டுமானால் அந்த நோட்டீஸ்தான் வேண்டும்.

தனியார் சேகரிப்பாளரின் உண்மையான பலம் இதுதான். நிறுவனத்துக்குக் குழு உண்டு, விதி உண்டு, பட்ஜெட் உண்டு. ஆகவே எது மதிப்புள்ளது என்று ஏற்கெனவே முடிவானதைத்தான் அது பெரும்பாலும் வாங்கும். தனி மனிதருக்குப் பித்து உண்டு. மற்றவர்கள் குப்பை என்பதை அவர் வீட்டுக்குத் தூக்கி வருவார். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே அடுக்கி வைப்பார்.

பலவீனமும் அதே இடத்தில்தான். பித்துக்கு வாரிசு கிடையாது. ரோஜா முத்தையா போன பிறகு அந்த ஒரு லட்சமும் பிரிந்து எடைக்குப் போயிருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல் தமிழ்நாட்டிலேயே வைத்தார்கள். 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. பட்டியல் போட்டார்கள், மைக்ரோஃபிலிமில் படமெடுத்தார்கள். மூலம் சென்னையில் இருக்க, அதைப் படிக்க உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வழி பிறந்தது. இன்றைக்கு அது தரமணியில் இயங்குகிறது. ஊருக்குப் போகும்போது ஒரு நாள் ஒதுக்கிப் பாருங்கள்.

வீட்டிலும் அழிந்தது, பொதுவிலும் எரிந்தது

எல்லா வீட்டுக்கும் சிகாகோ வந்து கதவைத் தட்டுவதில்லை. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் போன வீடுகளில் பல, தலைமுறை தலைமுறையாகப் புலவர்கள் வாழ்ந்த வீடுகள். அந்தக் குடும்பங்கள்தான் அந்த ஏடுகளின் தனியார் காப்பாளர்கள். சில வீடுகளில் பூஜை அறையில் வைத்துக் காத்தார்கள். சில வீடுகளில் கரையான் அரித்தது. சில இடங்களில் பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டுவிட்டார்கள். அப்படி விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த ஏட்டைப் படிக்கத் தெரிந்த தாத்தா போய்விட்டார். பேரனுக்கு அது வெறும் ஓலை. படிக்கத் தெரியாத கையில் எந்தச் சேகரிப்பும் நிலைக்காது. உ.வே.சா. 1942இல் மறைந்தார், அடுத்த ஆண்டே அவர் பெயரில் சென்னையில் நூல்நிலையம் அமைந்ததால் அவர் சேர்த்தது நிலைத்தது.

பொது நிறுவனத்தின் கதிக்கு யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்க ஆரம்பித்தார். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து அதை வாசிகசாலையாக்கி, பிறகு பொது நூலகமாக்கினார்கள். 1959இல் அழகான புதிய கட்டிடமும் வந்தது. ஒரு தனி மனிதர் வீட்டு அலமாரி, தெற்காசியாவின் பெரிய நூலகங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1981 மே 31 இரவும் ஜூன் 1ஆம் தேதியும் அது எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன.

குவைத்தில் பட்டியல் இருந்தது, பொருளும் எங்கோ ஓரிடத்தில் இருந்தது. ஆகவே திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்தில் பட்டியல் இருந்திருந்தாலும் பொருள் சாம்பலாகிவிட்டது. அங்கே காப்பாற்றியிருக்கக் கூடியது ஒன்றே ஒன்று: வேறோர் ஊரில் ஒரு நகல். அந்தப் பாடத்தை ஈழத்தமிழ் இளைஞர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். 2005இல் 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வீடு வீடாக இருக்கும் பழைய இதழ்களையும் புத்தகங்களையும் மின்வடிவமாக்கி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி போட்டு வருகிறார்கள். செல்லப்பா வீட்டில் நடந்ததுபோல, இதிலும் தனி மனிதர்களின் அலமாரிகள்தான் பொதுச் சொத்தாகின்றன. ஆனால் இந்த முறை ஒரு தீக்குச்சியால் எல்லாவற்றையும் அழிக்க முடியாது.

பெரிய அருங்காட்சியகமும் ஏமாறும்

"சரி, போர் வராத நாட்டு அருங்காட்சியகம் என்றால்?" என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஒரு சோழர் காலக் கோயில். அங்கிருந்த நடராசர் செப்புத் திருமேனி திருடு போனது. நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூர் மூலமாக, 2008இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் அதை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை முன்பு யாரிடம் இருந்தது என்பதற்குக் காகிதங்களும் கொடுக்கப்பட்டன. அவை போலி.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று உண்டு. 1950களிலிருந்து அவர்கள் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய், சிலைகளைப் படமெடுத்து, ஊர்ப் பெயர் எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்ரீபுரந்தான் நடராசர் அதே கோயிலில் இருந்தபோது எடுத்த படம் அங்கே இருந்தது. கான்பெராவில் இருப்பதும் அதுவும் ஒன்றுதான் என்று மறுக்க முடியாமல் போனது. இப்படிப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த ச. விஜய்குமார் என்ற தமிழரும் ஒருவர். பகலில் அலுவலகம், இரவில் சிலை ஆராய்ச்சி. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டில்லிக்கு வந்தபோது அந்த நடராசரைத் திருப்பிக் கொடுத்தார். கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் சிலைக் கடத்தல் வழக்கில் பத்தாண்டு சிறை விதித்தது.

காப்பாளர் என்ற சொல்லுக்குப் பூட்டு, ஏ.சி. மட்டும் போதாது என்று இந்த வழக்கு சொல்கிறது. கான்பெராவில் அந்தச் சிலைக்கு எல்லா வசதியும் இருந்தது. அது எந்த ஊர்ச் சாமி என்ற உண்மை மட்டும் இல்லை. இந்த விஷயத்தில் நம் புஜைரா அருங்காட்சியகம் சின்னதாக இருந்தாலும் கெட்டி. கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டிடத்தில், பக்கத்து ஊர்களான கித்ஃபாவிலும் பித்னாவிலும் கல்லறைகளைத் தோண்டி எடுத்த பொருட்கள் உண்டு. எந்தக் குழியில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு எடுக்கப்பட்டவை. அதே கல் கிண்ணத்தை யாரோ ஒருவர் இரவில் தோண்டிச் சந்தையில் விற்றிருந்தால், அது யாருடைய கிண்ணம் என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்குபவர் எவ்வளவு அக்கறையாக வைத்திருந்தாலும் அந்தச் செய்தி போனது போனதுதான்.

நான் கேட்கும் மூன்று கேள்விகள்

ஐ.டி. வேலையில் எங்களுக்குப் பாலபாடம் ஒன்று உண்டு. முக்கியமான தகவலுக்கு மூன்று பிரதி இருக்க வேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறோர் ஊரில் இருக்க வேண்டும். சர்வர் யாருடையது, எவ்வளவு விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எவ்வளவு பெரிய நிறுவனத்தின் டேட்டா சென்டராக இருந்தாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை.

அதனால் 'தனியாரா, அருங்காட்சியகமா' என்று யாராவது கேட்டால் நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். ஒன்று: இதற்குப் பட்டியல் இருக்கிறதா? எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறதா? இரண்டு: நகலோ படமோ வேறோர் இடத்தில் இருக்கிறதா? மூன்று: இப்போது காப்பவர் போன பிறகு யார் காப்பார்கள்?

மூன்றுக்கும் "ஆம்" என்று சொல்லும் தனியார் வீடு, ஒன்றுக்கும் சொல்ல முடியாத தேசிய அருங்காட்சியகத்தைவிட மேல். தனியார் ஆர்வமும் பொது நிறுவனத்தின் ஆயுளும் கைகோத்தால் இன்னும் நல்லது. பக்கத்திலேயே உதாரணம் உண்டு. ஷார்ஜாவில் சுல்தான் சூத் அல் காசிமி தான் சேர்த்த நவீன அரபு ஓவியங்களுக்காக 2010இல் பர்ஜீல் கலை அறக்கட்டளையை அமைத்தார். அந்த ஓவியங்களை ஷார்ஜா கலை அருங்காட்சியகத்தில் யாரும் போய்ப் பார்க்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் வழியாக 2004 முதல் நடக்கும் 'அழியும் நிலை ஆவணங்கள்' திட்டமும் இப்படித்தான்: வீடுகளிலும் கோயில்களிலும் இருக்கும் ஆவணங்களைப் படமெடுக்கப் பணம் தருகிறார்கள், மூலத்தை நாட்டை விட்டு எடுத்துப்போவதில்லை.

நம் வீட்டில் இருப்பது

இதெல்லாம் ஷேக்குகளும் பல்கலைக்கழகங்களும் செய்யும் காரியம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். குவைத் கதையில் நான் இதுவரை சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. அந்த 1990இல் குவைத்திலிருந்து சுமார் 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் ஏராளம். பெரும்பாலோர் ஒரு பையோடு வந்தவர்கள். வீட்டில் விட்டுவந்த கல்யாண ஆல்பம், கேசட், கடிதக் கட்டு எல்லாம் அப்படியே நின்றுபோயின. பிறகு ஜெனீவாவில் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. வெளியேற நேர்ந்தவர்களுக்கு ஒரு தொகை கொடுத்தது. வண்டி, சாமான், சம்பள பாக்கி இழந்தவர்கள் ஆவணம் காட்டித் தனியாகவும் கேட்க முடிந்தது. ஆல்பத்துக்கு எந்த ஆணையமும் ஈடு கொடுக்க முடியாது.

நாம் இங்கே எவ்வளவு நாள் இருந்தாலும் விசாவில் இருப்பவர்கள். அப்பா ஓய்வு பெற்றால் கிளம்ப வேண்டும். பெரிய சாமான் விற்பனைக்கு, கொஞ்சம் கார்கோவுக்கு, முப்பது கிலோ விமானத்துக்கு. மீதி குப்பைத் தொட்டிக்கு. எங்கள் கட்டிடத்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் என்னென்ன கிடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். பழைய பத்தாக்கா அட்டை, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா மலர், பள்ளி ஆண்டுவிழாப் படங்கள், கைப்பட எழுதிய மெஸ் கணக்கு நோட்டு. ரோஜா முத்தையா இங்கே வாழ்ந்திருந்தால் அவர் வீட்டில் இருந்திருக்க வேண்டியவை.

என் அப்பாவிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட் உண்டு. போன் பேசினால் காசு அதிகம் என்று, எண்பதுகளில் அவரும் என் அம்மாவும் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய குரல் கடிதங்கள். ஒன்றில் என் பாட்டி பேசுகிறார். ஆடு குட்டி போட்டது, மழை பெய்தது, எப்போது வருவாய். அவ்வளவுதான். வளைகுடாவுக்கு வந்த ஒரு தலைமுறைத் தமிழர்களின் வரலாறு அந்த டின்னில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்த எந்த அருங்காட்சியகத்திலும் அப்படி ஒரு கேசட் இல்லை. காந்த நாடா காலப்போக்கில் வீணாகிவிடும். ஓலையைவிடச் சீக்கிரம் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டேன். ஒரு பிரதி இங்கே, ஒன்று ஊரில் தங்கையிடம், ஒன்று கிளவுடில். எந்தக் கேசட்டில் யார் பேசுகிறார், எந்த வருடம் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை என்றால் அதில் பாதிக் குரல்கள் எனக்கு யாரோ.

நீங்களும் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இந்த வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கும் பழைய படங்களை எடுத்துக்கொண்டு அம்மா அப்பா பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது. பேனா வேண்டாம், மை கசியும். அவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்யுங்கள். படங்களை ஸ்கேன் செய்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ ஒரு பிரதி அனுப்புங்கள். தமிழ்ச் சங்க மலர், கடை நோட்டீஸ், பழைய நாட்காட்டி எதையும் 'இதெல்லாம் எதற்கு' என்று தூக்கிப் போடாதீர்கள். கடைசியாக ஒரு தாளில், இது எனக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும் என்று எழுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

அந்தப் பதினோராம் வகுப்புப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்போ எங்க வீட்டுக்கு நான்தான் மியூசியமா அண்ணா?" ஆமாம் என்றேன். அடுத்த வாரம் வந்தபோது, அவள் தாத்தாவின் 1978ஆம் ஆண்டு பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து கொண்டுவந்திருந்தாள். கீழே பட்டியல் எண் 1 என்று போட்டிருந்தாள்.